அடைக்கலமும் காவலும்

தமிழிலே 'அகதி' என்றொரு சொல் உண்டு. கதியற்றவன் என்பது அதன் பொருள். கதி என்பது போக்கு. புகலிடம் என்றும் கொள்ளலாம். போக்கிடம் இல்லாதவன், புகலிடமும் இல்லாதவன் என்ற இரு துயரங்களையும் மூன்றெழுத்தில் அடக்கிவிட்டது நம் மொழி. 'காவல்' என்பதும் அவ்வாறே இருமுகம் கொண்டதொரு சொல். பயிருக்கு வேலி காவல். குழந்தைக்குத் தாய் காவல். சிறைக்கூடத்துக் கம்பிக்கும் காவல் என்றே பெயர். காப்பதும் காவல், கட்டி வைப்பதும் காவல்! இவ்விரு சொற்களும் எதிரெதிரே சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். அகதி காவலனைக் காணும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது வேலியா, கம்பியா?

சிலப்பதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்கள் ஓர் அமைப்பைக் கவனித்திருப்பார்கள். மதுரைக் காண்டத்திலே அடைக்கலக் காதையை அடுத்து உடனே வருவது கொலைக்களக் காதை. புகாரிலிருந்து புறப்பட்டு, ஊரும் தெருவும் அறியாத மதுரைக்கு வந்தவன் கோவலன். கவுந்தியடிகள் சொற்படி மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி அவனுக்கும் கண்ணகிக்கும் இடமளிக்கிறாள். அடுத்த நாளே அரசனுடைய ஊர்காப்பாளர் அவனைத் தேடி வருகின்றனர். அவர்கள் எல்லோரும் கொடியவரல்லர். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கியவர் அவர்களுள் உண்டு. பொற்கொல்லனோ கள்வர் கையாளும் தந்திரங்களையெல்லாம் சாத்திரம்போல் விரித்துரைத்து அத்தயக்கத்தைக் கரைக்கிறான். முடிவில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலனிடம் ஒரு கேள்வி கேட்பார் இல்லை. அவன் விடையை எழுதிக்கொள்வார் இல்லை. புதிதாய் வந்தவன் என்பதே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இக்காப்பியத்தில் என்னை மிகவும் உலுக்குவது பாண்டியனின் மரணமன்று, மாதரியின் மரணம். தான் அளித்த அடைக்கலம் பொய்த்துப் போயிற்றே என்று அவள் தீப்புகுந்தாள். ஊரார் கொடுத்த அடைக்கலத்தை ஊர்க்காவல் அழித்துவிட்டால் ஊரே குற்றவாளியாகிவிடுகிறது என்பதை அந்த இடைச்சி உணர்ந்திருந்தாள்.

வந்தாரை ஏற்ற வன்னி

இக்கதையை வன்னியில் இருந்துகொண்டு நினைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து இலங்கைக்கு வந்து, பல இடங்களில் தங்கி, முடிவில் முல்லைத்தீவுக்கு அணித்தான வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது எம்மவர் வழக்கு. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் முன் ஒரு மூதாட்டியாய் அவள் தோன்றினாளாம். அச்சிறுவர்கள் அவள் யாரென்று விசாரிக்கவில்லை; குடிலமைத்துப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலின்போது வற்றாப்பளையில் உப்புநீரிலே விளக்கு எரிகிறது. காவலரால் கணவனை இழந்து, ஊரிழந்து வந்த ஒரு பெண்ணை ஏற்றுக்கொண்டதுதான் வன்னியின் மூலக்கதை எனலாம்.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. 18ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமைச் சட்டம். 20ஆம் இலக்கச் சட்டம் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். முன்னது மலையகத்திலே தேயிலை வளர்த்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கிற்று. பின்னது அனுமதியின்றி இந்நாட்டில் காலூன்றுபவரைக் குற்றவாளியாக்கிற்று. ஒன்று உள்ளிருந்தவரை அந்நியராக்கியது. மற்றது அந்நியரைப் பொலிசாரின் பொறுப்பில் விட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டதை இத்தலைமுறை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த மக்களில் ஒரு பகுதியினர் வன்னிக்கு வந்தார்கள். 1958இல் வந்தார்கள், எழுபதுகளின் பஞ்சத்தில் வந்தார்கள், 1977 ஆவணிக் கலவரத்தின் பின் கூட்டங்கூட்டமாய் வந்தார்கள். கிளிநொச்சியில் பாரதிபுரமும் தர்மபுரமும், வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களில் எத்தனையோ குடியிருப்புகளும் அவர்களது வியர்வையால் எழுந்தவை. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்கு நிலமும் கிணறும் பாலர் பள்ளியும் தேடிக்கொடுத்தது.

அரசு அதனை எவ்வாறு நோக்கிற்று? 1983 ஏப்ரலில் இவ்விருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையினுள்ளே டாக்டர் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அகதிகள் குடியிருந்த டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டனர். 1984 நவம்பர் 30ஆந் திகதி அக்குடும்பங்கள் புலிகளின் தாக்குதலில் மாண்டன. அடைக்கலத்தைச் சந்தேகமாக மாற்றினால் அது யார் தலையில் எப்படி இறங்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டுமா?

இவ்விடத்தில் நம்மவர் குறையையும் மறைத்தல் தகாது. மலையகத்திலிருந்து வந்தவரை வன்னியின் பழங்குடிகள் எல்லோரும் மாதரியைப்போல ஏற்றுக்கொள்ளவில்லை. வயலில் வேலைக்கு அழைத்தார்கள், வாசலுக்குள் அழைக்கவில்லை. 'தோட்டக்காட்டார்' என்று சொல்லால் சுட்டார்கள். களவு நடந்தால் முதற்பார்வை அவர்களது குடிசைப் பக்கமே திரும்பிற்று. பொலிஸ்காரர் வந்து யாரைப் பிடிப்பது என்று கேட்டால், விரலை நீட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்களே. பொற்கொல்லன் என்னும் பாத்திரம் எல்லா ஊரிலும் உண்டு.

விதானையாரும் பொலிசும்

முற்காலத்தில் வன்னிக் கிராமத்துக்குக் காவல் என்றால் விதானையார்தான். வரியும் அவரிடம், வழக்கும் அவரிடம், பிணம் கிடந்தாலும் அவரிடம். அதிகாரத்தில் அவர் குறைந்தவரல்லர், அநியாயங்களும் செய்திருப்பார். எனினும் ஊர்ப் பேச்சில் பேசினார், ஊர்க்கோயிலில் கும்பிட்டார். 1963இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது.

பொலிஸ் படையின் வரலாறு வேறு. 1866 செப்டெம்பர் 3ஆந் திகதி, இந்தியாவின் இரத்தினகிரிப் பகுதியில் பொலிஸ் அதிகாரியாயிருந்த வில்லியம் ரொபேட் கெம்பல் இங்கே பொறுப்பேற்றார். இன்றும் அந்நாளே பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது. குடியேற்ற அரசு அமைத்த படை அரசைக் காப்பதையே முதற்கடமையாகக் கருதியதில் வியப்பில்லை. சுதந்திரம் வந்த பின் அந்நோக்கு மாறியிருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமோ சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கி, தமிழ்க் கிராமத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் இடையே இன்னொரு மதிலை எழுப்பிவிட்டது.

மொழி என்றால் ஏதோ உணர்ச்சிப் பொருள் என்று சிலர் எண்ணுவர். பொலிஸ் நிலையத்திலே மொழி உயிர்ப் பொருள். முறைப்பாட்டுப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதுவே பின்னர் நீதவான் முன் உண்மையாகிறது. 1993இல் கைதான மட்டக்களப்புத் தமிழர் ஒருவர், தமக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சிடப்பட்ட குற்ற ஒப்புதலில் பெருவிரலடையாளம் வைக்கச் செய்யப்பட்டார். அதைக்கொண்டே நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் அது நீதியன்று என்று முடிவு கூறிற்று. பயங்கரவாதத் தடைச்சட்டம் உதவி அத்தியட்சகர் தரத்துப் பொலிஸ் அதிகாரி முன் செய்த ஒப்புதலைச் சாட்சியாக ஏற்றதன் விளைவு அது.

வன்னியிலே நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், என் வகுப்பு மாணவியொருத்தியின் தாயார் ஒருநாள் பாடசாலைக்கு வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டிலிருந்த ஒரேயொரு தையல் இயந்திரம் களவு போயிருந்தது. பொலிசுக்குப் போனீர்களா என்று கேட்டேன். "போனேங்க ஐயா. எழுதினாங்க. கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சேன். என்ன எழுதினாங்கன்னுதான் தெரியாதுங்க," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என் மனத்தைத் தைத்தது. தாம் சொன்னதற்கும் தாளில் ஏறியதற்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அப்பெண்ணிடம் இருக்கவில்லை.

சில ஆண்டுகளின் பின், வேறோர் ஊரிலே, ஒரு சிங்களச் சார்ஜன்ட்டைக் கண்டேன். பிள்ளைகளின் சைக்கிள்கள் காணாமற்போன விடயமாக நான் அவரிடம் போயிருந்தேன். என் வாக்குமூலத்தை அவர் தமிழிலேயே எழுதினார். றகரமும் ரகரமும் இடம்மாறின. ளகரம் எங்குமே இல்லை. எழுதி முடித்து, ஒவ்வொரு சொல்லின்மேலும் விரலை வைத்து வாசித்தார். "சேர், பிழையிருந்தால் சொல்லுங்கள், பொருளில் பிழை இருக்கக்கூடாது," என்றார். எழுத்துப் பிழைகளுக்கு மதிப்பெண் குறைத்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். அத்தனை பிழைகளோடு அத்தனை நேர்மையான ஒரு பத்திரத்தை நான் கண்டதில்லை. அடுத்த கிழமையே என் தெருப் பெண்கள் இருவர் தம் பழைய முறைப்பாடுகளைச் சொல்ல அந்நிலையத்துக்குப் போனார்கள். அவர்களை அழைத்து எவரும் கூட்டம் நடத்தவில்லை. "அந்தச் சார்ஜன்ட் வாசித்துக் காட்டுவார்" என்ற ஒரு வார்த்தை வேலி கடந்து போயிற்று, அவ்வளவே.

வாசித்துக் காட்டுதல் அவரது தயவன்று, சட்டம் விதித்த கடமை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்குக் காட்டவோ வாசிக்கவோ, அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவோ வேண்டும் என்கிறது. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது. யுத்தத்தின் பின் அமைந்த நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழி தெரிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும், தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமை முறைப்பாட்டாளருக்கு வேண்டும் என 2011இல் விதந்துரைத்தது. சட்டம் பேசிவிட்டது, ஆணைக்குழுவும் பேசிவிட்டது. பேச வேண்டியது முறைப்பாட்டுப் புத்தகம் ஒன்றே.

எண்ணப்பட்ட மனிதர்

வன்னி மக்களுக்கு அகதி வாழ்வைப் பற்றி எவரும் விரிவுரை நிகழ்த்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வவுனியாவுக்கு வந்தவர்கள் பூந்தோட்டம் முதலான நலன்புரி நிலையங்களில் தறப்பாளின் கீழ் வருடக்கணக்காய்க் கிடந்தார்கள். அங்கே உயிரைவிடப் பெரியது 'பாஸ்' எனப்பட்ட அனுமதிச் சீட்டு. ஒருநாள் பாஸ், ஒருகிழமைப் பாஸ், ஒருமாதப் பாஸ் என்று ஒரு மனிதனின் நடமாட்டம் அளந்து கொடுக்கப்பட்டது. அதே காலத்தில் புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னியில் 1991இல் தொடங்கிய தமிழீழக் காவல்துறை தமிழிலேயே விசாரித்தது, தமிழிலேயே எழுதியது. ஆனால் மொழி ஒன்றாயிருந்தும், அதனை மேற்கொண்டு தட்டிக்கேட்கச் சுயாதீனமான மன்றம் ஒன்றிருக்கவில்லை. தாய்மொழி நம்பிக்கைக்கு வாசல். ஆனால் வாசல் மாத்திரம் வீடாகாது என்பதையும் எம் மக்கள் பட்டறிந்தார்கள்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலான முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாய் வெளியேறியவர்களுள் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களது சொந்தக் காணிகளில் படைமுகாம் இருந்தமையால், ஊருக்குத் திரும்பியும் ஊருக்குள் போக முடியாதவராயினர். இந்தக் கேப்பாப்புலவு என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்னும் சிறிது தூரத்தில் அது மறுபடியும் வரும்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு தினத்தன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அதற்கு எவ்விதத்திலும் பொறுப்பற்ற ஒரு சிறு கூட்டத்தார் நீர்கொழும்பில் வாழ்ந்திருந்தனர். பாகிஸ்தானில் மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த அஹ்மதிய முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஆப்கானிய ஹசாராக்கள் ஆகிய அகதிகள். கோபங்கொண்டவர்கள் அவர்களை வாடகை வீடுகளிலிருந்து துரத்தினர். எங்கே ஓடுவது? ஒரு பகுதியினர் பள்ளிவாசல்களுக்கு ஓடினர். மற்றொரு பகுதியினர் நீர்கொழும்புப் பொலிஸ் நிலையத்துக்கே ஓடினர். அதன் வாகனக் கொட்டகையில் பெண்களும் குழந்தைகளும் வாரக்கணக்கில் உறங்கினர். அது வசதியான இடமன்று. மழையும் நுளம்பும் நெருக்கமும் நிறைந்த இடம். ஆனால் கும்பலுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றது பொலிஸ் காவலே.

அவர்களுள் ஒரு பிரிவினரை 2019 மே மாதத்தில் அரசாங்கம் எங்கே அனுப்பிற்று? வவுனியாப் பூந்தோட்டத்துக்கு! எந்தப் பூந்தோட்டத்தில் நம் மக்கள் பாஸுக்காகக் காத்துக் கிடந்தார்களோ, அதே பூந்தோட்டத்துக்கு. அவர்களை வவுனியாவில் வைத்திருக்கக்கூடாது என்ற எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. துயரம் மனிதனைக் கனிவிக்கும் என்கிறோம். எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை. பட்ட துயரை மறந்தவன் அடுத்தவன் துயருக்குக் கதவடைப்பதும் உலகியல்பே.

முள்ளிவாய்க்காலில் ஒரு படகு

2024 டிசெம்பர் 19ஆந் திகதி, முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தென்பட்டது. மியன்மாரிலிருந்து வந்த றோகிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். குழந்தைகளும் கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தனர். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள் அவர்கள். 2017 ஓகஸ்டின் பின் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடினர். 1948இன் இலங்கைச் சட்டத்தையும் 1982இன் மியன்மார்ச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன், இரண்டும் ஒரே பள்ளியில் பயின்றவை என்பதைக் கண்டுகொள்வான்.

படகை முதலில் கண்டவர்கள் மீனவர்கள். ஊரார் உணவும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்தக் கரையில் 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்களோ அந்தக் கரையிலிருந்து சோறு கடலுக்குப் போயிற்று! இலக்கியத்தில் இதனை ஒருவர் எழுதியிருந்தால் மிகையென்று சொல்லியிருப்போம்.

பின்னர் கடற்படை அப்படகைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. படகை ஓட்டியவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட பன்னிரண்டு பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். எஞ்சிய 103 பேரும் மீண்டும் முல்லைத்தீவுக்குக் கொணரப்பட்டு விமானப்படை முகாமொன்றில் வைக்கப்பட்டனர். அம்முகாம் இருக்கும் இடம் கேப்பாப்புலவு. வற்றாப்பளைக்கு அயலூர். அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடும் என்ற செய்தி பரவியபோது, 2025 சனவரியில் முல்லைத்தீவிலே மக்கள் திரண்டு, அனுப்பாதே என்று குரல் கொடுத்தார்கள். பூந்தோட்டத்தில் மங்கிய விளக்கு முல்லைத்தீவில் எரிந்தது.

ஆனால் ஊர் சோறு கொடுத்துவிட்டால் காரியம் முடிந்துவிடுமா? சோற்றை அடுத்து வருவது விசாரணை. இவர்கள் யார், எங்கிருந்து வந்தனர், யார் கொண்டுவந்தார், எவ்வளவு பணம் கொடுத்தனர் என்பவற்றைப் பொலிசார் அறியத்தான் வேண்டும். ஆட்களைக் கடத்திப் பொருளீட்டுபவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால் கடத்தியவன் யார், கடத்தப்பட்டவன் யார் என்று பிரித்தறிவதற்கு அகதி வாய்திறக்க வேண்டும். தன் நாட்டில் சீருடை அணிந்தவன் வீட்டை எரிக்கக் கண்டவன், இங்கே சீருடை அணிந்தவனிடம் எப்படி வாய்திறப்பான்? நம்பிக்கை என்பது அகதிக்குச் செய்யும் தருமம் மாத்திரமன்று. பொலிசாரின் தொழிலுக்கே இன்றியமையாத கருவி என்பது இங்கே விளங்கும்.

இதற்கு எம்மவர் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986 ஓகஸ்ட் 11ஆந் திகதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழரைக் கஸ் டோல்ற்றன் என்னும் மீன்படகுத் தலைவர் கண்டெடுத்தார். கரைசேர்ந்தவர்கள் தாம் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். பொலிசாரும் பத்திரிகையாளரும் ஆராய்ந்தபோது, அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது வெளியாயிற்று. மீண்டும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சமே அந்தப் பொய்யைச் சொல்வித்தது. கனடியர் சிலர் கொதித்தனர். எனினும் கனடிய அரசு அந்தப் பொய்யை அவர்களது துன்பத்துக்கு எதிரான சாட்சியாக்கவில்லை. கப்பலோட்டியைப் பற்றிய விசாரணை ஒருபுறம் ஜேர்மனியில் நடந்தது. பயணிகளுக்கோ நாட்டில் தங்கித் தொழில் செய்ய அனுமதி கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கழிந்து 2016இல் அவர்களுட் சிலர் அக்கரைக்குத் திரும்பிச்சென்று மீனவத் தலைவரையும் ஊராரையும் கண்டு நன்றி சொன்னார்கள். அகதி சொன்ன பொய்யைக் குற்றமாகக் காணாமல் அச்சத்தின் அடையாளமாகக் கண்ட அரசாங்கம் நட்டமடையவில்லை. நல்ல பிரசைகளைப் பெற்றது.

நம் நாட்டிலோ, 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து உரிய ஏற்பாட்டோடு தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்திலே கைதானார். முன்னொருகால் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனாராம்! உயிர்தப்ப ஓடியவன் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா ஓடுவான்? பலத்த கண்டனத்தின் பின் அவர் விடுதலையானார். 1948இன் சட்டம் எழுபத்தேழு வயதிலும் தளராமல் நடமாடுகிறது என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டிலே அகதிகள் முகாம் என்ற பெயரை 2021இல் மறுவாழ்வு முகாம் என மாற்றினார்கள். பெயர் மாறியது நன்று. ஆயினும் வாசலில் நிற்கும் காவலரின் பேரேட்டில் வருகைப் பதிவு வைக்கும்போது அகதிக்குத் தன் நிலை நினைவுக்கு வந்தே தீரும்.

ஆளும் பிரசையும்

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை மாணவர்கள் ஒருமுறை கூர்ந்து படிக்க வேண்டும். பேச்சுரிமை, நடமாடும் உரிமை முதலியவற்றைக் கூறும் 14ஆம் உறுப்புரை 'பிரசை' என்று பேசுகிறது. ஆனால் சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையும், சட்டத்தின் முன் சமத்துவத்தைக் கூறும் 12ஆம் உறுப்புரையின் முதற்பகுதியும், கைதுக்குக் காரணஞ் சொல்ல வேண்டும் என்னும் 13ஆம் உறுப்புரையும் 'ஆள்' என்றே பேசுகின்றன. அதாவது, பொலிஸ் நிலையத்து வாசலில் நிற்பவனிடம் பிரசாவுரிமைப் பத்திரம் இருக்கிறதா என்பது இரண்டாங் கேள்வி. அவன் ஓர் ஆள் என்பதே முதலாம் விடை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையொப்பமிடவில்லை என்பது மெய்யே. அதனால் அகதிக்கு இங்கே குடியுரிமை கிடையாமற் போகலாம். மனிதத் தன்மை கிடையாமற் போகாது.

ஆகவே நம்பிக்கையை வளர்ப்பது எவ்வாறு? பொலிஸ் தினத்தன்று இரத்ததானமும் கிரிக்கெட் ஆட்டமும் நடைபெறுகின்றன, நல்லவையே. ஆனால் அகதி நம்பிக்கையை விளையாட்டு மைதானத்தில் தேடுவதில்லை, மேசையின் மறுபக்கத்தில் தேடுகிறான். தன் மொழியில் ஒரு வார்த்தை. ஏன் பிடித்தீர்கள் என்பதற்கு ஒரு விடை. எழுதியதை வாசித்துக் காட்டும் ஒரு விரல். பெண்ணை விசாரிக்க ஒரு பெண் உத்தியோகத்தர். களவு கொடுத்ததைச் சொல்ல வந்தவனிடம் உன் விசா எங்கே என்று கேளாத ஒரு பண்பு. இவை ஒவ்வொன்றும் சிறியவை, செலவும் பெரிதன்று. கிராமந்தோறும் உள்ள சிவில் பாதுகாப்புக் குழுக்களில் ஊர்ப் பெரியமனிதரோடு கடைசிக் குடிசைக்காரரும் அமர்ந்தால் பொற்கொல்லரின் குரல் ஒன்றே கேட்கும் நிலை மாறும்.

பொலிசாரிடம் மாத்திரம் கேட்டு நிறுத்துவது நேர்மையாகாது. காவலர்க்கும் அகதிக்கும் இடையே நிற்கத் தக்கவர் மொழிபெயர்ப்பாளர். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? எங்கள் வகுப்பறைகளிலிருந்தன்றோ வரவேண்டும்! சிங்களம் படிப்பதைச் சிறுமை என்று நினைத்த காலம் ஒன்றிருந்தது. பக்கத்து வீட்டுத் தாய் கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை தெருவுக்கு ஒன்று இருந்திருந்தால், எத்தனை வழக்குகளின் போக்கே மாறியிருக்கும்! சிங்கள ஊர்களிலும் தமிழ் படித்த பிள்ளைகள் பொலிஸ் சேவைக்கு வரவேண்டும். றகரமும் ரகரமும் மாறினால் மாறட்டும். பொருள் மாறாதிருந்தாற் போதும்.

வன்னி மண்ணுக்கு இன்னும் படகுகள் வரலாம். போனவர்கள் திரும்பி வரலாம். வேறு ஏதோ தேசத்தில் வேறு ஏதோ சட்டம் மனிதரை அந்நியராக்கிக்கொண்டே இருக்கும். முல்லைத்தீவு மீனவர்கள் சோற்றுப் பானையோடு முன்னே போனார்கள். அவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். அந்தப் பானை கரையேறும் இடத்தில், புத்தகமும் பேனாவுமாய் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர் முதலாவதாய் எழுதும் வரி என்னவாக இருக்கும்? வந்தவரின் பெயரைக் கேட்டு, அவர் உச்சரித்தவாறே எழுதுவாரானால், அகதிக்குக் கதி அங்கே தொடங்கிவிட்டது என்பேன்.